இருபத்தையாயிரம் ரூபாவும் ஒரு மாதமும்



பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது வாசியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுக் கொமென்ட்டில் சண்டைக்கு வரவேண்டாம், முழுவதும் வாசித்துவிட்டு வாருங்கள்.

பத்தாம் ஆண்டில் படிக்கிற ஒரு பிள்ளை மூன்று கிழமையாக வகுப்புக்கு வரவில்லை. கணிதத்தில் கெட்டிக்காரன். காய்ச்சலாக்கும் என்று முதலில் நினைத்தோம். பிறகு, கலியாண வீடு ஏதும் என்றார்கள். மூன்றாம் கிழமை முடிய நாங்கள் இரண்டு ரீச்சர்மாராகப் பள்ளிக்கூடம் விட்ட கையோடு வீடு தேடிப் போனோம். கடற்கரையை ஒட்டிய வீடு, பாதி சுவர் பூசாமல் கிடக்கிறது. தாய் வெளியே வந்து கதிரை எடுத்துப் போட்டார். பிள்ளையைக் கேட்டோம். துறைமுகத்தில் மீன் பெட்டி தூக்கப் போய்விட்டான் என்றார்.

"அவர் உள்ளுக்க இருக்கிறார் ரீச்சர். இவன்தான் இப்ப வீட்டைப் பாக்கிறான்."

தகப்பன் மேசன் வேலைக்குக் கூலியாகப் போகிறவர். குடிக்கிற ஆள் அல்ல, அடிதடிக்குப் போகிற ஆளும் அல்ல. வேலைத்தளத்துக்குச் சாமான் எடுக்க, கூட வேலை செய்கிறவரின் மோட்டார் சைக்கிளில் நெல்லியடிப் பக்கம் போயிருக்கிறார். பொலிஸ் மறித்தது. லைசன்ஸ் இல்லை. வழக்கு வந்தது. நீதவான் கேட்டார், குற்றவாளியா சுற்றவாளியா? இவர் குற்றவாளி என்று ஒப்புக்கொண்டார். 25,000 ரூபா தண்டம், கட்டத் தவறினால் ஒரு மாதச் சாதாரண சிறை. எல்லாம் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்ததாம். சட்டத்தரணி வைக்கவில்லை. வைத்திருந்தால் அதற்கு வேறு காசு.

லைசன்ஸ் இல்லாமல் ஓடியது பிழை. அதில் நாங்கள் வக்காலத்து வாங்க வரவில்லை. எங்கள் பிள்ளைகளையே ரோட்டில் பறிகொடுத்த ஊர் இது.

அந்தத் தாய் சொன்ன அடுத்த வசனம்தான் எங்களை இந்தப் பதிவை எழுத வைத்தது. கோட்டில் வைத்து மனைவியிடம் அவர் சொன்னாராம்: "ஒரு மாசம் போய் இருந்திட்டு வாறன். நீ ஆரிட்டையும் கை நீட்டாத."

கணக்கு ரீச்சர் என்னோடு வந்தவர். திரும்பி வரும் வழியில் அவர் கணக்குப் போட்டார். ஒரு நாள் கூலி 3,000 ரூபா. மாதத்தில் 20 நாள் வேலை கிடைத்தாலும் 60,000. அப்படியென்றால் 25,000 ரூபாவைக் கட்டாமல் இருப்பதற்காக அந்தக் குடும்பம் 60,000 ரூபாவை இழக்கிறது. கணக்குத் தெரியாததால் அவர் அப்படிச் செய்யவில்லை. ஒரு மாதத்தில் 60,000 உழைப்பது வேறு, ஒரே நாளில் 25,000 கையில் இருப்பது வேறு. அன்றாடம் உழைத்து அன்றாடம் உலை வைக்கிற வீட்டில் 25,000 ஒருநாளும் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. அதை எடுக்க ஒரே வழி மீற்றர் வட்டி. அதற்குள் விழுந்தவர்களை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதை விடச் சிறை மேல் என்று அவர் நினைத்ததில் என்ன பிழை?

இதே 25,000 ரூபாவை எங்கள் ஊரிலேயே ஒரு கடைக்கார முதலாளிக்குப் போட்டால் அவர் அன்று மாலைக்குள் அதை மறந்துவிடுவார். ஒரே தொகை, ஒரே சட்டம். ஒருவருக்கு அது ஒரு பில். இன்னொருவருக்கு அது பிள்ளையின் சாதாரண தரப் பரீட்சை.

இது ஒரு வீட்டுக் கதை என்று நினைக்காதீர்கள். சிறைச்சாலைத் திணைக்களம் ஆண்டுதோறும் புள்ளிவிபரம் வெளியிடுகிறது. தீர்ப்புப் பெற்று இந்த நாட்டுச் சிறைகளுக்குள் போகிறவர்களில் பாதிக்கும் மேலானவர்கள் தண்டப்பணம் கட்ட முடியாமல் போகிறவர்கள். கொலைகாரனும் கொள்ளைக்காரனும்தான் சிறையில் இருக்கிறான் என்று நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறோம். உள்ளே போகிறவர்களில் பெரும்பங்கு காசில்லாதவன்.

அரசாங்கத்துக்கும் இது தெரியும். அதனால்தான் வெசாக் வந்தால், சுதந்திர தினம் வந்தால், நத்தார் வந்தால் ஜனாதிபதி பொது மன்னிப்பு. 2023 நத்தாருக்கு 1,004 பேரை விட்டார்கள், தண்டம் கட்ட முடியாமல் இருந்தவர்களும் அதில் இருந்தார்கள். அந்த நேரம் சுமார் 11,000 பேருக்கான சிறைகளில் ஏறக்குறைய 30,000 பேர் அடைபட்டிருந்தார்கள் என்று செய்திகளில் வந்தது. கட்டமுடியாதவனைப் பிடித்து அடைப்பது, அவனுக்கு அரசாங்கக் காசில் மூன்று நேரமும் சாப்பாடு கொடுப்பது, இடம் காணாமல் போனதும் பண்டிகை பார்த்துத் திறந்துவிடுவது. இதில் யாருக்கு என்ன லாபம்? தண்டப்பணமும் வரவில்லை, திருந்துவதற்கும் ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் பிள்ளையின் தகப்பன் உள்ளே போன மாதத்தில் பண்டிகையும் இல்லை.

சின்னத் தண்டத்திலும் இதே கதைதான். ரோட்டில் எழுதித் தருகிற தண்டத்தை 14 நாளுக்குள் கட்ட வேண்டும். தவறினால் இரட்டிப்பு. 28 நாளும் போனால் வழக்கு. கையில் காசு இருக்கிறவன் அன்றைக்கே ஒரு மடங்கைக் கட்டிவிட்டு லைசன்ஸை வாங்கிக்கொள்கிறான். இல்லாதவன் இரண்டு மடங்கு கட்டுகிறான், அல்லது கோட்டுக்குப் போகிறான். கோட்டுக்குப் போகிற ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் கூலி போகும். சட்டத்தரணிக்கு வேறு. பிணைக்கு ஆள் பிடிக்க வேறு, அந்த ஆளுக்கும் அன்றைக்குக் கூலி இல்லை, அவருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுக்காமல் விட முடியுமா? தண்டப் பத்திரத்தில் எழுதியிருக்கிற தொகையை மட்டும் ஏழை ஒருநாளும் கட்டுவதில்லை.

இனி, பலருக்குப் பிடிக்காத பகுதிக்கு வருகிறோம். இதில் இனம் எங்கே வருகிறது?

முதலில் ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். வெலிக்கடையில் தண்டம் கட்ட வழியில்லாமல் இருக்கிற சிங்களக் கூலித் தொழிலாளிக்கும் எங்கள் பிள்ளையின் தகப்பனுக்கும் வித்தியாசம் இல்லை. வறுமை எல்லா மொழியும் பேசும். ஆனால் அந்தக் கூலித் தொழிலாளிக்குத் தன் கையில் தந்த துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரியும்.

எங்கள் ஆட்களுக்கு அது இல்லை. அரசியலமைப்பின்படி வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ், நீதிமன்ற மொழியும் தமிழ். நீதிமன்றத்துக்குள் அது நடக்கிறது, தமிழில்தான் கேட்கிறார்கள், தமிழில்தான் தீர்ப்பு. ரோட்டில் கதை வேறு. மறிக்கிறவர் பெரும்பாலும் சிங்களத்தில் கதைக்கிறார், துண்டில் பேனையால் எழுதுவதும் சிங்களம். வீட்டுக்குக் கொண்டு வந்து, தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து வாசிப்பித்து, எந்தத் திகதி, எந்தக் குற்றம், எவ்வளவு என்று விளங்குவதற்குள் 14 நாளில் நாலு நாள் போய்விடும். பொலிஸ் நிலையத்தில் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தின் கீழே தமிழில் கையெழுத்து வைத்தவர்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர்! தமிழ் தெரிந்த பொலிஸார் வேண்டும் என்று 2011 இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவே எழுதிவைத்தது.

எங்கள் முஸ்லிம் ஆட்களுக்கு இதற்கு மேல் ஒரு சுற்று உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து எங்களைப் போகச் சொன்னார்கள். அதைப் பற்றி எழுத இது இடமல்ல. ஆனால் அதன் வால் இன்னும் எங்கள் அடையாள அட்டையில் தொங்குகிறது. சாச்சாவின் மகன் ஒருவர் பழைய இரும்பு வாங்கி விற்கிறவர். ஊருக்குத் திரும்பி வந்து பல வருடம். அட்டையில் முகவரி இன்னும் புத்தளம். பதிவை மாற்றப் போனால் அங்கே வெட்டிக்கொண்டு வா என்பார்கள், அங்கே போனால் இங்கே பதிந்துவிட்டு வா என்பார்கள். வண்டியின் வரிப்பத்திரம் முடிந்திருந்ததற்கு ஒரு வழக்கு. அழைப்பாணை புத்தளத்து வீட்டுக்குப் போனது. அந்த வீட்டில் இப்போது வேறு ஆட்கள். இவர் தவணைக்குப் போகவில்லை, பிடியாணை வந்தது. சின்னத் தண்டத்தோடு முடியவேண்டிய வழக்கு, ஒரு இரவு கூண்டிலும் பிணையிலும் சட்டத்தரணியிலும் போய், கடைசியில் உம்மாவின் காப்பு ஈடு வைத்ததில் முடிந்தது. சட்டத்தில் எங்கேயும் "முஸ்லிம் கூடக் கட்டவேண்டும்" என்று எழுதவில்லை. ஆனால் கூடக் கட்டினார்.

2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு எத்தனை தரம் எங்கள் ஆட்களை மறித்தார்கள் என்று எங்களுக்குத் தெரியும். சந்தேகத்தில் மறித்தால் ஒன்றும் அகப்படாது, ஆனால் சைட் கண்ணாடி இல்லாதது அகப்படும், புகைப் பரிசோதனைப் பத்திரம் முடிந்தது அகப்படும். நூறு பேரிடமும் ஒரே மாதிரிக் குறை இருக்கலாம். அடிக்கடி மறிக்கப்படுகிறவனிடம்தான் அது கண்டுபிடிக்கப்படும்.

இது எங்கள் கற்பனை என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். மிசூரி மாநிலத்தில் பேர்கசன் என்று ஒரு சின்ன நகரம். 2014 ஓகஸ்டில் மைக்கல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞனைப் பொலிஸ் சுட்டுக் கொன்றதும் அந்த ஊர் பற்றி எரிந்தது. பிறகு அமெரிக்க நீதித் திணைக்களம் போய் விசாரித்து 2015 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. சுட்டது ஒரு பொலிஸ்காரர்தான். ஆனால் அந்த அறிக்கையின் பெரும்பகுதி தண்டப்பணத்தைப் பற்றியது. நகரசபை தன் வருமானத்துக்காகப் பொலிஸை வைத்துத் தண்டம் எழுதுவித்திருக்கிறது. சனத்தொகையில் கறுப்பினத்தவர் 67 வீதம். மறிக்கப்பட்ட வாகனங்களில் 85 வீதம் அவர்களுடையது. எழுதிய தண்டத்தில் 90 வீதம் அவர்களுக்கு. ஒரு பெண் 2007 இல் வாகனத்தைப் பிழையான இடத்தில் நிறுத்தியதற்கு 151 டொலரும் கட்டணங்களும் என்று தண்டம். அவரால் கட்ட முடியவில்லை, தவணை தவறியதற்கெல்லாம் மேலும் மேலும் தண்டம் ஏறியது, ஆறு நாள் சிறையிலும் இருந்தார். 2014 முடிவில் 550 டொலர் கட்டியிருந்தார். அப்போதும் 541 டொலர் மிச்சம் இருந்தது.

மீற்றர் வட்டி எங்கள் ஊரில் மட்டும்தான் என்று யார் சொன்னது? அங்கே அதை நகரசபையே நடத்தியிருக்கிறது.

எங்கள் இடத்தில் பொலிஸ் வருமானத்துக்காக மறிக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. அதற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை. இந்த நாட்டில் யாரை எத்தனை தரம் மறித்தார்கள், எந்த மொழிக்காரர் தண்டம் கட்டாமல் உள்ளே போனார் என்று அப்படி ஒரு விசாரணையை யாராவது செய்தால் நல்லது என்றுதான் சொல்கிறோம்.

இன்னொன்று. தண்டம் யார் தலையில் விழுகிறது என்பதில் எங்களுக்குள்ளேயே மேல் கீழ் இருக்கிறது. வடமராட்சி கிழக்கில் களவாக மணல் ஏற்றுகிற உழவு இயந்திரத்தைப் பிடித்தால் கூண்டில் நிற்பது சாரதிப் பெடியனும் சவள் போட்ட பெடியனும். மணல் விற்ற காசு யாருடைய வீட்டு மாடியில் நிற்கிறது என்று ஊருக்கே தெரியும், அவர் கோட்டுப் பக்கமே வரமாட்டார். இந்திய இழுவைப் படகு விடயமும் அப்படித்தான். எங்கள் கடற்றொழிலாளரின் வலையை அறுத்துக்கொண்டு போகிற அந்தப் படகுகளின் மேல் எங்களுக்கும் கோபம்தான். அடிமடி இழுவையை 2017 இல் சட்டம் போட்டுத் தடுத்தது சரி. 2018 இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டத்தைக் கோடிக்கணக்கில் உயர்த்தினார்கள். ஆனால் பருத்தித்துறை நீதிமன்றத்துக்குக் கைவிலங்கோடு கொண்டுவரப்படுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் நாள் கூலிக்கு ஏறியவர்கள். அவர்களைச் சாரத்தோடு ஒருமுறை பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கோடியை அவர்கள் ஏழு பிறப்பு எடுத்தாலும் கட்டமாட்டார்கள். படகு முதலாளி கரையில் இருக்கிறார்.

சரி, தண்டமே வேண்டாம் என்கிறீர்களா என்று கேட்பீர்கள். இல்லை. ரோட்டில் சட்டம் வேண்டும். 2016 நவம்பரில் வரவு செலவுத் திட்டத்தில் லைசன்ஸ் இல்லாமல் ஓடுவது, காப்புறுதி இல்லாமல் ஓடுவது, குடித்துவிட்டு ஓடுவது போன்றவற்றுக்குக் குறைந்தது 25,000 என்று கொண்டுவந்தபோது தனியார் பஸ்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், ஞாபகம் இருக்கும். அன்றைக்கு நாங்கள் பஸ்காரர்களைத் திட்டினோம். குடித்துவிட்டு ஓடுகிறவனுக்கு அது காணாது என்றுகூடச் சொன்னோம். அப்போது எங்களுக்குப் பிடிபடாதது "குறைந்தது" என்ற சொல். சட்டமே குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவைத்தால், முன்னால் நிற்கிறவன் கூலிக்காரன் என்று நீதவானுக்குத் தெரிந்தாலும் அதற்குக் கீழே இறங்க அவருக்கு வழியில்லை. கார்காரனுக்கும் கடன் வாங்கிய சைக்கிள்காரனுக்கும் ஒரே 25,000.

பின்லாந்தில் 1921 இலிருந்து வேறு மாதிரிச் செய்கிறார்கள். குற்றத்துக்கு இத்தனை நாள் என்று தீர்மானிக்கிறார்கள். அந்த நாளின் விலை அவரவர் வருமானத்தைப் பொறுத்தது. 2002 இல் நொக்கியா கம்பனியின் பெரிய அதிகாரி ஒருவருக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகவேண்டிய இடத்தில் 75 இல் மோட்டார் சைக்கிள் ஓடியதற்கு 116,000 யூரோ தண்டம் போட்டார்கள். பிறகு தன் வருமானம் குறைந்ததைக் காட்டி அவர் மேன்முறையீடு செய்ய, தொகையையும் குறைத்தார்கள். அதுதான் முறை. உழைப்பு கூடினால் தண்டம் கூடும், குறைந்தால் குறையும். கூலிக்காரனுக்கும் அதிகாரிக்கும் வலி ஒரே அளவாக இருக்கும்.

அது இங்கே வர எவ்வளவு காலம் என்று தெரியாது. ஆனால் இப்போதே எங்கள் சட்டத்தில் இருப்பதைக்கூட யாரும் கேட்பதில்லை என்பதுதான் எங்களை உறுத்துகிறது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின் கீழ் தண்டம் கட்ட நீதிமன்றம் அவகாசம் கொடுக்கலாம், தவணை முறையில் கட்டவும் விடலாம். உள்ளே போன பிறகும் மிச்சக் காசைக் கட்டினால் வெளியே வரலாம், கட்டிய பங்குக்கு ஏற்ப நாள் குறையும். 1999 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின்படி சின்னக் குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாகச் சமுதாய வேலை கொடுக்கலாம், அதற்கென்று ஒரு திணைக்களமே இருக்கிறது. ஒரு மேசனைச் சிறையில் குந்த வைப்பதா, எங்கள் பாடசாலை மதிலைக் கட்டவிடுவதா? அந்த மதில் விழுந்து கிடக்கிறது.

எங்கள் பிள்ளையின் தகப்பன் கூண்டில் நின்றபடி "ஐயா, மாதம் ஐயாயிரமாகக் கட்டுகிறேன்" என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் கதை வேறாகியிருக்கலாம். அப்படிக் கேட்கலாம் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. நாங்கள் குடியியற் கல்வி படிப்பிக்கிறவர்கள். நீதிமன்றங்களின் அதிகாரப் படிநிலையைப் படம் கீறிக் காட்டுகிறோம். இந்த ஒரு வசனத்தை எந்த வகுப்பிலும் சொல்லிக் கொடுத்ததில்லை. எங்களுக்கே இப்போதுதான் தெரியும்.

ஆகவே தயவுசெய்து உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் சொல்லி வையுங்கள். தண்டம் போட்டதும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போகவேண்டாம், தவணை கேளுங்கள். கேட்கும்போது வருமானம் பற்றி ஜீ.எஸ். எழுதிய கடிதமோ அஸ்வெசும கிடைக்கிறதென்றால் அதன் ஆதாரமோ கையில் இருந்தால் நல்லது. வழக்கு என்று தெரிந்ததும் யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள், வருமானம் குறைந்தவர்களுக்குத்தான் அது இருக்கிறது. முகவரி மாறியிருந்தால், எங்கள் ஆட்களுக்கு இது முக்கியம், வழக்குப் பதியும்போதே இப்போது இருக்கிற முகவரியை எழுதச் சொல்லுங்கள். துண்டு சிங்களத்தில் இருந்தால் எங்கள் இருவரில் ஒருவரிடம் கொண்டு வாருங்கள். எங்கள் சிங்களம் புத்தளத்தில் படித்தது, அதற்காவது அந்த இருபது வருடம் உதவட்டும்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினரிடமும் ஒன்று கேட்கிறோம். ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரில் கடனாளியும் இருக்கிறார். தண்டம் கட்டமுடியாமல் உள்ளே இருக்கிறவரையும் அதில் சேர்க்கலாமா என்று ஆலிம்களிடம் கேட்டுப் பாருங்கள். கோயில், தேவாலய நிர்வாகத்தினரும் யோசிக்கலாம். திருவிழாவில் ஒரு நாள் வாண வேடிக்கைச் செலவு எத்தனை பேரை வெளியே எடுக்கும் என்று நாங்கள் கணக்குப் போடவில்லை, போட்டால் மனம் நோகும்.

பிள்ளையின் கதைக்கு வருகிறோம். பாடசாலையில் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்தோம். தாய் காசை வாங்க மறுத்தார். "அவர் கை நீட்ட வேண்டாமெண்டவர்" என்றார். அவர் கை நீட்டவில்லை, நாங்கள்தான் நீட்டுகிறோம் என்று சொல்லி, யாழ்ப்பாணத்துக்கு அவரோடு பஸ்ஸில் போனோம். ஏற்கெனவே இருந்த நாட்களைக் கழித்து மிச்சத்தைக் கட்டினோம். அன்று பின்னேரமே வெளியே வந்தார். எங்களைப் பார்த்து ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸில் பின் சீட்டில் தனியாக இருந்து வந்தார்.

பிள்ளை இன்னும் வரவில்லை. துறைமுகத்தில் நாளுக்கு ஆயிரத்து ஐந்நூறு கிடைக்கிறதாம், கையில் காசு பழகிவிட்டது. சாதாரண தரத்துக்கு விண்ணப்பம் நிரப்புகிற நேரம் நெருங்குகிறது. திங்கட்கிழமை விடியக்காலை, படகுகள் வருகிற நேரம், துறைமுகத்துக்கே போய் அவனைப் பிடிப்பதென்று கணக்கு ரீச்சரும் நானும் முடிவு செய்திருக்கிறோம்.